கடைசி விளக்கு வரை

குருந்தோயா பட்டின சபை விடுதி,
ஹாலிஎல.
9-10-1948

அன்புள்ள செல்வநாயகிக்கு,

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது எழுதி நீர் அறிவதைவிட நானே எழுதுவது மேல். நேற்றுப் பின்னேரம் நான் ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு கைகளாலும், கன்னத்தை மரத்தில் வைத்து, கண்ணையும் மூடிக்கொண்டு. அந்த நேரம் பார்த்து எங்கள் சேர்மன் மொஹிதீன் முதலாளி குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னா செக்ரட்டரி, ஊட்டுக்காரம்மா யாழ்ப்பாணம் போயி ரெண்டு மாசந்தானே ஆவுது? அதுக்குள்ள மரத்தக் கட்டிப்புடிக்கிற நெலமைக்கு வந்துட்டீங்களா?" என்றார்.

இன்று காலை பேக்கரி ஷுக்ரி பாண் தரும்போது கம்பத்தின் சுகத்தை விசாரித்தார்.

நீர் ரயில் ஏறும்போது "அந்தக் கடைசி விளக்கையே கட்டிக்கொண்டு இருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனீர். உம்முடைய வாயில் சனி இருக்கிறது. நான் கட்டிப்பிடித்தது அதே விளக்கைத்தான்.

காரணம் கேளும். அந்த விளக்கு நடக்கிறது.

சிரியாதேயும். நீர் கேட்டு அலுத்த கதைதான். ஆனாலும் கோப்பு எழுதிப் பழகிய கைக்கு முன்கதை இல்லாமல் விஷயத்துக்கு வரத் தெரியாது. யுத்த காலத்தில் இரும்பும் இல்லை, சீமெந்தும் இல்லை என்று தோட்டத்து ரோட்டின் கடைசி விளக்கை மட்டும் ஒரு தார்ப் பீப்பாவுக்குள் கல்லும் மண்ணும் அடைத்து நட்டு, மதகடியில் நிறுத்தினோம். நிலம் அளக்கிறவர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் சபையின் எல்லையும் அந்த விளக்கு வரைதான் என்று தற்காலிகமாகத் தீர்மானம் எழுதினோம். குப்பை வண்டி, குழாய்த் தண்ணீர், பிரசவம் பார்க்கிற மருத்துவமாது, எல்லாம் விளக்கு வரை. யுத்தம் முடிந்து மூன்று வருஷமாயிற்று. தற்காலிகத்துக்குத்தான் எப்போதும் ஆயுசு கெட்டி.

என் அறை யன்னலில் இருந்து பார்த்தால் அந்த விளக்கு மதகுக்கு நேரே எரியும். இப்போது சவுக்கு மரத்துக்கு அந்தப் பக்கத்தில் எரிகிறது. கண் பழுதாகிவிட்டதோ என்று பயந்து, கம்பம் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்க்கப் போனேன். ஆட்டினால் உள்ளே கல் புரளும் சத்தம் கேட்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் கன்னம் வைத்தேன். கண்ணை ஏன் மூடினேன் என்று சேர்மன் கேட்டார். அதற்கு இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உம்முடைய
ஸ்ரீஸ்கந்தராஜா


சாவகச்சேரி,
17-10-1948

பட்டின சபைச் செயலாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். அக்கா அதை உரத்து வாசித்து, அத்தானுக்குப் புரையேறும்வரை சிரித்ததால் எழுதுகிறேன்.

நீங்கள் பகிடி எழுதினால் நான் மறந்துவிடுவேன் என்று எண்ணவேண்டாம். வேலாயி எங்கள் வீட்டில் மா இடித்தவள். அவளுடைய புருஷன் வீரய்யா கணக்கப்பிள்ளையோடு வாய் காட்டினான் என்று தோட்டத்தில் இரண்டு பேருடைய பெயரையும் வெட்டி வேலையால் நிறுத்தினார்கள். தோட்டத்து லய வீட்டை விட்டு ஆற்றடியில் குடிசை போட்டார்கள். பெயர் வெட்டினவளைத் தோட்டத்து ஆஸ்பத்திரி பார்க்காது. விளக்குக்கு அப்பால் இருக்கிறவளைச் சபை பார்க்காது. போன தையில் அவளுக்கு வலி கண்டபோது, சேர்மனுக்குப் பயந்து மருத்துவமாது யோகம்மா பையோடு விளக்கடியிலேயே நின்றாள். நான் உங்கள் மேசைக்கு வந்து ஒரு வார்த்தை எழுதித் தாருங்கோ என்று கேட்டேன். நீங்கள் தீர்மானத்தை வாசித்துக் காட்டினீர்கள். பதுளைக்கு மாட்டு வண்டியில் கொண்டு போகிற வழியில் பிள்ளை போயிற்று.

மார்கழியில் அவளுக்குத் திரும்பவும் நாள். கால் வேறு வீங்கியிருக்கிறது. இந்த முறையும் உங்கள் விளக்கு மதகடியில் நின்றால் நான் இங்கேயே இருந்துவிடுவேன்.

செல்வநாயகி

பி.கு: மதகடியில் பீப்பா நின்ற இடத்தில் புல் வட்டமாக மஞ்சளித்திருக்கிறதா? பார்த்து எழுதவும். எனக்கல்ல, அக்காவுக்குத்தான் அறிய ஆசை.


குருந்தோயா,
26-10-1948

அன்புள்ள செல்வநாயகிக்கு,

உம்முடைய அக்காவின் மூளைக்கு என் வந்தனம். மஞ்சள் வட்டம் இருக்கிறது. ஒன்றல்ல. மதகடியில் ஒன்று, அதைத் தள்ளி ஒன்று, சவுக்கு மரத்தடியில் இன்னொன்று. யாரோ தோட்டத்து ரோட்டோரம் தோசை வார்த்துக்கொண்டு போனது போல் இருக்கிறது. மழை பெய்தும் முதல் வட்டத்தில் புல் முளைக்கவில்லை. கடைசி வட்டம் இன்னும் ஈரம்.

ஆகவே விளக்கு தானாக நடக்கவில்லை, நடத்துகிறார்கள். யார்? விசாரணையை ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் விளக்கேற்றுகிற அழகர். "அழகர், விளக்கு இடம் மாறியிருக்கே?" என்றேன். ஏணியைத் தோளில் வைத்தபடி வானத்தைப் பார்த்தான்.

"வெளக்கு நடக்குமாங்க? நானே முட்டிவலியில நடக்க முடியாமக் கெடக்கேன். மலை சரியுதுங்களோ என்னமோ."

மலை சரிந்தால் விளக்கு மட்டுமா சரியும், உன் ஏணி சரியாதா என்று கேட்டேன். அதற்கு அவன், ஏணி சபைச் சொத்துங்க, அது எப்படிங்க அனுமதி இல்லாமச் சரியும் என்றான்.

அடுத்தது யோகம்மா. உமக்குத் தெரியும், அந்த மனுஷியோடு கதைப்பதற்கு முன் நான் ஒரு கோப்பை தேத்தண்ணீர் குடித்துத் தைரியம் எடுப்பேன். இப்போதெல்லாம் காலையில் வெள்ளைச் சேலையும் பையுமாக விளக்குக்கு ஓர் அடி இந்தப் பக்கம் நின்று, குடிசைப் பெண்களை விளக்கடிக்குக் கூப்பிட்டுத்தான் பார்க்கிறாள். ஊரே அதைப் பார்த்துக்கொண்டு போகிறது.

"மிஸ், விளக்கு கொஞ்சம் தள்ளி நிக்குதெல்லே?"

"எங்க நிண்டால் எனக்கென்ன ஐயா? விளக்குக்கு அங்கால நான் ஒரு அடி வைக்கமாட்டன். சேர்மன் என்னை வேலையால நிப்பாட்டினால் நீங்களே எனக்குச் சோறு போடுவியள்?"

அவளை என் சந்தேகப் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டேன். இந்த ஊரில் என்னைவிடச் சட்டம் பார்க்கிற ஒரே பிறவி அவள்தான்.

ஒன்று கேட்கிறேன். வேலாயிக்குக் கால் வீங்கியது சாவகச்சேரியில் இருக்கிற உமக்கு எப்படித் தெரியும்? இங்கே இருக்கிற எனக்கே தெரியாதே.

ஸ்ரீஸ்கந்தராஜா


சாவகச்சேரி,
3-11-1948

செயலாளர் அவர்களுக்கு,

காற்று வந்து சொன்னது. உங்கள் பக்கத்துக் காற்றுக்கு வாய் நீளம்.

நீங்கள் முகத்தைப் பார்த்து விசாரிக்கிறீர்கள். கையைப் பார்த்து விசாரியுங்கோ. அது தார்ப் பீப்பா. தொட்டவன் கையில் ஒட்டும். தார் சோப்புக்குப் போகாது, சாம்பலுக்குப் போகாது, மண்ணெண்ணெய்க்குத்தான் போகும். மண்ணெண்ணெய் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். கறுத்த கையோடு எவன் திரிகிறானோ அவன் பீப்பாவைத் தொட்டவன். இந்தக் காலத்தில் எவனுடைய கை அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறதோ அவன் சபை மண்ணெண்ணெயில் கை கழுவினவன்.

கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கோ. சபைக்கு எழுதவேண்டாம்.

செல்வநாயகி

பி.கு: அக்கா இப்போது தபால்காரன் வரும் நேரத்துக்குப் படலையில் நிற்கிறாள். நான் அவளுக்குத் துணைக்கு நிற்கிறேன்.


குருந்தோயா,
16-11-1948

அன்புள்ள செல்வநாயகிக்கு,

படலையில் நிற்கும் இருவருக்கும் இந்தக் கடிதம்.

வீரய்யாவைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னேன். அவன் இப்போது ஷுக்ரியின் பேக்கரிக்கு விறகு பிளக்கிறான். முதலில் புறங்கையைக் காட்டினான். திருப்பு என்றேன். திருப்பினான். இரண்டு உள்ளங்கையும் அட்டக் கறுப்பு. பிறகு அழகரைக் கூப்பிட்டேன். அவன் கை, கலியாண மாப்பிள்ளையின் கை போலப் பளபளத்தது. மோந்து பார்த்தேன். சபையின் வாசனை அடித்தது.

வீரய்யா அழவும் இல்லை, காலில் விழவும் இல்லை. நேரே பார்த்துச் சொன்னான்:

"மிஸ்ஸிம்மா வெளக்குக்கு அங்கிட்டு வரமாட்டாங்கன்னாங்க. அவங்கள இழுத்துட்டுப் போக நம்மால முடியுங்களா? அதான், வெளக்கக் கூட்டிட்டுப் போறோம்."

"ஒரேயடியாகக் கொண்டு போனால் என்ன?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நான் யாருடைய பக்கம் நின்று கேட்கிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஒரேயடியா போனா ஊருக்குத் தெரிஞ்சுடுங்களே ஐயா. கொஞ்சங் கொஞ்சமாப் போனா, முந்தியே அங்கதான் நின்னிச்சுன்னு அவங்களே சொல்லிக்கிடுவாங்க" என்றான் அழகர். "உங்களுக்கு மட்டும் எப்படிங்க தெரிஞ்சிச்சு? வேலைவெட்டி இல்லாம யன்னல்லயே ஒக்காந்திருப்பீங்களோ?"

பொண்டாட்டி இல்லாத வீட்டில் யன்னலைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று சொல்ல நினைத்து, சபை மரியாதைக்காக அடக்கிக்கொண்டேன்.

இனிக் கெட்ட செய்தி. நான் கம்பத்தைக் கட்டிப்பிடித்த கதை பரவியதால் எல்லாரும் போய் அந்தக் கம்பத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். பார்த்தவர்களில் ஒருவருக்கு மதகு ஞாபகம் வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமைச் சபைக் கூட்டத்தில் ஷுக்ரி, அவரும் ஓர் அங்கத்தவரல்லவா, எழும்பினார். "வெளக்கு ஆத்தடி வரைக்கும் போச்சுன்னா நாளைக்கு அங்க உள்ளவங்க கொழாய் கேப்பாங்க. இருக்கிற கொழாயிலயே தண்ணி மூக்குச்சளி மாதிரி வருது" என்றார். யுத்த காலத் தீர்மானத்தையே ரத்துச் செய்தால் என்ன என்று நான் ஒரு குறிப்பை நீட்டினேன். சேர்மன் அதை மடித்து வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் வைத்தார். செயலாளருக்குப் பேனா உண்டு, வாக்கு இல்லை.

தீர்மானம்: கடைசி விளக்கைச் செயலாளர் உடனடியாக மதகடிக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பீப்பாவை மேட்டில் ஏற்றக் கயிறு வேண்டும். தடித்த கயிற்றுக்கு இன்னும் தட்டுப்பாடு. பதுளை அரசாங்க அதிபர் கச்சேரியின் பெர்மிட் இல்லாமல் சபை அதை வாங்க முடியாது. ஆகவே ஓர் அங்குலக் கயிற்றுக்குப் பெர்மிட் கேட்டு, தேவையான விளக்கங்களில் பாதியை விட்டுவிட்டு, கச்சேரிக்கு எழுதியிருக்கிறேன். அவர்கள் மீதி விளக்கம் கேட்டு எழுதுவார்கள். நான் அதில் பாதியை அனுப்புவேன். மார்கழி போய்விடும். இவ்வளவு நாளும் இல்லாமையோடு சண்டை பிடித்தவன், இப்போது அதைக் கும்பிடுகிறேன்.

ஸ்ரீஸ்கந்தராஜா


சாவகச்சேரி,
24-11-1948

இஞ்சருங்கோ,

கயிற்றுக் கதையை அத்தானுக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினேன். உங்களுக்குள் இப்படி ஒரு கள்ளன் இருக்கிறான் என்று பத்தொன்பது வருஷமாக எனக்கு ஏன் காட்டவில்லை?

ஒரு பயம்தான். விளக்கு இப்போது எங்கே நிற்கிறது? சவுக்கு மரத்தையும் குடிசையையும் பிரிக்கிற அந்த வளைவு இன்னும் மிச்சம் இருக்கிறதே. ஊர் முழுவதும் கண் வைத்த பிறகு வீரய்யா இனி அதைத் தொட முடியாது. பெர்மிட் வந்துவிட்டால்? வேலாயிக்கு நாள் முந்திவிட்டால்? வயிறு இறங்கிவிட்டதாம்.

இஞ்சியும் மிளகும் இரண்டு பொட்டலமாக அனுப்புகிறேன். ஒன்று வேலாயிக்கு. மற்றது உங்களுக்கு, மழைக்குள் நின்று விளக்குப் பார்க்கவேண்டாம்.

செல்வம்


குருந்தோயா,
7-12-1948

என் அன்பான செல்வத்துக்கு,

படுக்கையில் இருந்து எழுதுகிறேன். இடுப்பு அசையவில்லை, கை மட்டும் அசைகிறது. உம்முடைய இஞ்சியைத்தான் அரைத்துப் பூசியிருக்கிறேன். அழகர் பூசினான். அதைப் பற்றி விபரம் கேளாதேயும்.

போன வியாழக்கிழமை கயிற்றுப் பெர்மிட் வந்துவிட்டது! இந்தச் சபையில் நான் கால் வைத்த நாள் தொடக்கம் கச்சேரி ஒரு கடிதத்துக்கு இத்தனை கெதியாகப் பதில் போட்டது கிடையாது. விளக்கம் எதுவும் கேட்கவில்லை. கேட்ட கயிற்றுக்கு மேலேயே தந்திருந்தார்கள். சேர்மன் பெர்மிட்டைப் பார்த்து, "திங்கக்கெழமை காலையில வெளக்கு மதகடிக்கு வந்துடணும் செக்ரட்டரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொடக்கம் ஒரே மழை. பின்னேரம் பேக்கரிக்கு ஆள் ஓடி வந்து, வேலாயிக்கு வலி என்று வீரய்யாவிடம் சொல்லியிருக்கிறான். வீரய்யா குடிசைக்குப் போகவில்லை. கோடரியைப் போட்டுவிட்டு நேரே என் வாசலுக்கு வந்தான். மழைத் தண்ணீரா கண்ணீரா தெரியவில்லை.

"ஐயா, இன்னும் ஒரு வளைவு. ரெண்டு பேரால முடியாதுங்க."

சட்டப்படி நான் மறுநாள் விளக்கை மேலே கொண்டுவர வேண்டியவன். அதே சட்டப்படி மறுநாள் வரை அது எங்கே நிற்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினேன். யோகம்மாவைக் கூட்டிவர அழகரை விட்டேன். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். சந்தைக்குப் போயிருப்பாள், விளக்குப் போய்ச் சேர்ந்தால் எப்படியும் வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் பீப்பாவில் கை வைத்தோம்.

செல்வம், உட்கார்ந்து வேலை செய்கிற மனுஷன் தார்ப் பீப்பா தள்ளுவது எப்படி என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. வீரய்யா சாய்ப்பான், அழகர் "ஏலோ" என்பான், நான் வழுக்குவேன். இப்படியே வளைவு வரைக்கும் போனோம். வளைவில் ரோட்டு ஒரேயடியாக இறங்குகிறதல்லவா? அங்கே பீப்பா சரிந்து படுத்தது. படுத்தது உருண்டது. கம்பம் முறிந்து ஒரு பக்கம், சிமினி உடைந்து ஒரு பக்கம். பட்டின சபையின் எல்லை ரோட்டில் கடகடவென்று தானாக ஓடியது. "புடிங்கய்யா, புடிங்க!" என்று அழகர் கத்தினான். எதைப் பிடிப்பது? நான் பின்னால் ஓடினேன். ஒரு செருப்பு போயிற்று. எல்லை குடிசைகளைத் தாண்டி, வாழைகளை மடக்கிக்கொண்டு, ஆற்றுக்குள் விழுந்தது. நானும் விழுந்தேன்.

சேற்றில் இருந்து எழும்பும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பிள்ளை அழுகிற சத்தம். மழைக்கு மேலாக, தகரம் கிழிகிற மாதிரி ஓர் அழுகை. வீரய்யா ரோட்டிலேயே குந்திவிட்டான்.

குடிசை வாசலுக்கு நான் நொண்டி நொண்டிப் போனபோது யோகம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் ஆற்றுக்குள் கிடந்த நேரம் பார்த்து ஓடி வந்திருக்கிறாள் போலும்.

"பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "செக்ரட்டரி ஐயா, விளக்கு எங்க?" என்றாள்.

"ஆத்துக்குள்ள, மிஸ்."

"அப்ப நான் எல்லைக்குள்ளதான் நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நேற்று சேர்மன் வந்து ஆற்றை எட்டிப் பார்த்தார். பீப்பாவை வெளியே எடுக்க இன்னும் பெரிய கயிறு வேண்டும். அதற்கு வேறு பெர்மிட் வேண்டும் என்று படுக்கையில் இருந்தபடியே அறிக்கை கொடுத்தேன். நெடுநேரம் தாடியைத் தடவினார். "அல்லாஹ் உருட்டிவிட்ட எடத்துல இருக்கட்டும்" என்று சொல்லி, வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் இருந்த என் பழைய குறிப்பை எடுத்துக் கையெழுத்து வைத்தார். ஷுக்ரிக்கு ஒரே பயம்தான்: ஆற்றடிச் சாராயத் தவறணையும் இப்போது பட்டினத்துக்குள் வந்துவிட்டதே, அங்கே தன்னைக் கண்டவர்கள் இனி ஊர்க்காரர் ஆகிவிடுவார்களே என்று.

பெருமையடிக்கிறேன் என்று நினையாதேயும். ஆனால் நாங்கள் மூன்று பேரும் அந்த நேரத்தில் எல்லையைத் தள்ளாமல் விட்டிருந்தால் அந்தப் பிள்ளை என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க, இடுப்பு வலியிலும் எனக்கு நித்திரை வருகிறது.

எப்போது வருகிறீர்?

உம்முடைய
ராசா


சாவகச்சேரி,
15-12-1948

என்ர ராசாவுக்கு,

அக்கா அழுதாள். நீங்கள் ஆற்றில் விழுந்த இடத்தை அத்தான் திரும்பவும் வாசிக்கச் சொன்னார். நான் பெட்டி அடுக்கிவிட்டேன். பொங்கலுக்கு அங்கே பானை வைப்பேன். அரிசிக் கூப்பனைத் தொலைத்துவிடாதேங்கோ.

ஒரு விஷயம். யோகம்மாவிடம் கேட்டு, அவள் சம்மதம் தந்த பிறகுதான் எழுதுகிறேன். வாசித்துவிட்டு அடுப்பில் போடுங்கோ.

அவள் நான் வந்த நாள் தொடக்கம் எனக்குக் காகிதம் எழுதுகிறாள். போன தையில் அந்தப் பிள்ளை போனதில் இருந்து அவளுக்கு மனம் ஆறவில்லை. ஆனி மாதம் தொட்டு அவள் ஆற்றடிக்குப் போய் வருகிறாள். ரோட்டால் அல்ல, தேயிலைக்குள்ளால். கொழுந்து எடுக்கிறவர்கள் மாதிரி இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, தலையில் கூடையைக் கொழுவி, கூடைக்கு அடியில் பையை வைத்து. காலையில் வெள்ளைச் சேலையோடு விளக்கடியில் நிற்பது சேர்மன் காண்பதற்கு. வீரய்யாவுக்கும் சொல்லக்கூடாது என்று வேலாயியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்; அவன் சந்தோஷத்தில் தவறணையில் உளறிவிடுவானாம்.

உங்களிடம் ஏன் மறைத்தோம் என்று கோபிக்கவேண்டாம். தெரிந்தால் நீங்கள் ஒன்று அவளைப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெரியாதது போல் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது உங்களால் ஏலாது. உங்கள் முகம் சபையின் அறிவித்தல் பலகை.

ஞாயிற்றுக்கிழமை அவள் மத்தியானமே குடிசைக்குள் போய்விட்டாள். பேக்கரிக்கு ஓடின ஆள் மழைக்கு ஒதுங்கிப் பிந்தித்தான் வந்தானாம். நீங்கள் பீப்பாவில் கை வைக்கும்போது பிள்ளை பிறந்து, குளித்து, பால் குடித்து, நித்திரையாகியும் விட்டதாம். நீங்கள் கேட்டது அது பிறந்த அழுகை அல்ல. வாசலால் பீப்பா உருண்ட சத்தத்தில் திடுக்கிட்டு எழும்பினதாம்.

செல்வம்